சளிப் பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ வந்தால் டிபி இல்லை என்று அர்த்தமா? - மைக்ரோஸ்கோப்பில் சிக்குவதும் நழுவுவதும்

இரண்டு வாரமாக விடாத இருமல். மாலையானால் லேசான காய்ச்சல். பழைய சட்டை கொஞ்சம் லூஸாகிவிட்டது. டாக்டர் சளிப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று வருகிறது. வீட்டில் உடனே சொல்வார்கள்: “அதான் ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சே, விடு!”

அங்கேதான் சிக்கல். மைக்ரோஸ்கோப் பரிசோதனையில் வரும் ‘நெகட்டிவ்’ சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பார்த்த இடத்தில் கிருமி தெரியவில்லை. பார்க்காத இடத்தில் இருந்திருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 2023-ல் சுமார் 1.08 கோடி பேர் காசநோயால் பாதிக்கப்பட்டார்கள், 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் 26% பேர் இந்தியாவில் இருப்பவர்கள். இவ்வளவு பெரிய நோயைக் கண்டுபிடிக்க நூறு வருடத்துக்கும் மேலாகப் பெரும்பாலும் நம்பியிருந்தது ஒரு கண்ணாடி ஸ்லைடையும், அதைக் குனிந்து பார்க்கும் லேப் டெக்னீஷியனின் கண்ணையும்தான்.

இருந்தும் தெரியாத கிருமி

காசநோய்க் கிருமியின் நீளம் 2 முதல் 4 மைக்ரோமீட்டர். இருபது கிருமிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்தால் தோராயமாக ஒரு தலைமுடியின் தடிமன் வரும். ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் கண்ணுக்கு எட்டும் அளவுதான். ஆனால், பெரிதாக்கினால் மட்டும் போதாது. கிருமிக்கு நிறம் கிடையாது. சளியும் கிட்டத்தட்ட அப்படியே. தண்ணீரில் கிடக்கும் கண்ணாடித் துண்டைத் தேடுவது மாதிரி.

அப்படியென்றால் சாயம் போட வேண்டியதுதானே? போட்டார்கள், பிடிக்கவில்லை. இந்தக் கிருமியின் மேல்சுவரில் மைக்காலிக் அமிலம் என்ற மெழுகு போன்ற கொழுப்பு இருக்கிறது. மற்ற பாக்டீரியாக்களில் சட்டென்று ஏறும் சாயம் இதில் ஏறாது.

ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் இந்தத் தடையைத் தாண்டினார். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில், காசநோய்க்குக் காரணமான கிருமியை அறிவித்தார். இன்றைக்கும் உலகக் காசநோய் தினம் மார்ச் 24-ல் வருவது அதனால்தான். அன்று அந்த அரங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பால் எர்லிக். சாயங்களே கதி என்று இருந்த இளம் மருத்துவர். அவர் சீக்கிரமே ஒரு விஷயத்தைப் பிடித்தார்: இந்தக் கிருமியில் சாயம் ஏறுவதுதான் கஷ்டம், ஏறிவிட்டால் அமிலம் ஊற்றினாலும் இறங்காது.

அந்தப் பிடிவாதம்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஸீல், நீல்சன் என்ற இருவர் இந்த முறையை மேம்படுத்தினார்கள். இன்றுவரை அவர்கள் பெயரில்தான் அது நடக்கிறது. (சில வருடங்கள் கழித்து எர்லிக்கின் சளியிலேயே அதே கிருமி தெரிந்தது. ஓய்வுக்காக எகிப்துக்குப் போய், குணமாகித் திரும்பினார்.)

லேபில் என்ன நடக்கிறது?

சளியை ஸ்லைடில் மெல்லிசாகத் தடவி, காயவைத்து, சூடு காட்டி ஒட்டவைக்கிறார்கள். அதன்மேல் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம். அடியில் சூடு காட்டும்போது மெழுகுச் சுவர் இளகி, சாயம் உள்ளே போகிறது. பிறகு 25% கந்தக அமிலம் ஊற்றினால் மற்ற எல்லாவற்றிலிருந்தும் சிவப்பு கழுவிப் போய்விடும். கடைசியாக மெத்திலீன் ப்ளூ. நீலப் பின்னணியில் சின்னச் சின்ன சிவப்புக் கோடுகள் தெரிந்தால் ரிப்போர்ட் ‘பாசிட்டிவ்’.

ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் பார்ப்பார்கள். காற்று இடையில் இருந்தால் ஒளி வளைந்து சிதறும். அந்த எண்ணெய் ஒளியைக் கண்ணாடி மாதிரியே கடத்துவதால் படம் தெளிவாக வரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஸ்லைடில் தடவும் சளி சுமார் 0.01 மில்லிலிட்டர். ஆயிரம் மடங்கு பெரிதாக்கும்போது ஒரு தடவையில் தெரிவது மிகச் சின்ன வட்டம். அப்படிப் பார்த்தால் மொத்த ஸ்லைடிலும் ஏறக்குறைய 10,000 வட்டங்கள். டெக்னீஷியன் பார்ப்பது 100. அதாவது நூறில் ஒரு பங்கு.

ஒருவரின் சளியில் மில்லிலிட்டருக்கு 10,000 கிருமிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்லைடுக்கு வருவது 100. பார்க்கும் பகுதியில் சிக்குவது சராசரியாக ஒன்றே ஒன்று. 5,000 இருந்தால்? பாதி. அதாவது, இரண்டு ஸ்லைடு பார்த்தால் ஒரு கிருமி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆயிரக்கணக்கில் கிருமி இருந்தும் ஒருவர் ‘நெகட்டிவ்’ ஆவது இப்படித்தான். லேப்காரர் மேல் தப்பே இல்லாமல் இது நடக்கும்.

தப்பு நடக்கவும் வாய்ப்புண்டு. ஒரு ஸ்லைடை ஒழுங்காகப் பார்க்க ஐந்து நிமிடமாவது வேண்டும். கண் சோர்ந்துவிடும் என்பதால்தான் ஒருவர் நாளொன்றுக்கு 20, 25 ஸ்லைடுகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்கிறார்கள். இன்னொரு பக்கம், நோயாளி சளிக்குப் பதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. காலையில் எழுந்ததும், நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி கேட்பது சும்மா இல்லை.

குழந்தைகளுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும் சளியில் கிருமி குறைவாக இருப்பது சகஜம். நிணநீர்க் கட்டி, முதுகெலும்பு என்று நுரையீரலுக்கு வெளியே வரும் டிபி என்றால் சளியில் தேடியே பிரயோஜனமில்லை.

அப்போ வேற வழி?

கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் பரிசோதனைகள் வந்துவிட்டன. சிபிநாட் முறையை உலக சுகாதார நிறுவனம் 2010-ல் பரிந்துரைத்தது. மில்லிலிட்டருக்கு நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலே அது கண்டுபிடித்துவிடும். சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு வரும். ரிஃபாம்பிசின் மருந்துக்கு கிருமி கட்டுப்படுமா என்பதும் சேர்ந்தே தெரியும். மைக்ரோஸ்கோப்பில் இது தெரியவே தெரியாது. ஸ்லைடில் ‘நெகட்டிவ்’ வந்தும் இருமல் தொடர்ந்தால், “மரபணு டெஸ்ட் எடுத்தாச்சா?” என்று டாக்டரிடம் கேட்பதில் தயக்கமே வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

அதற்காக மைக்ரோஸ்கோப்பை மூட்டை கட்டிவிட முடியாது. இதற்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் இறங்குபவர்கள் அந்தப் பெயரைப் பற்றி அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள். 1928-ல் அங்கே தொடங்கிய காசநோய் சானடோரியத்தின் பெயர் அது. அந்தக் காலத்தில் நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, மாதக்கணக்கில் இப்படிப்பட்ட இடங்களில் வைப்பதுதான் வழக்கம். வீட்டிலேயே மருந்து சாப்பிட்டால் ஆகாதா என்று 1956-ல் தொடங்கிய சென்னை ஆய்வு கேட்டது. சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தும், கிருமியை லேபில் வளர்த்துப் பார்த்தும் இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது என்று 1959-ல் முடிவு வெளியானது.

சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க இன்றும் சளியைத்தான் கேட்கிறார்கள். செத்த கிருமியின் மரபணுவும் உடம்பில் கொஞ்ச நாள் தங்கும் என்பதால், மருந்து சாப்பிடுபவருக்கு சிபிநாட் ‘பாசிட்டிவ்’ என்றே காட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் இரண்டு மாத மருந்து முடிந்ததும் சளி மறுபடியும் ஸ்லைடுக்குப் போகிறது. ‘3+’ என்று இருந்த இடத்தில் ‘1+’ வந்திருக்கிறதா, இல்லை நூறு வட்டத்திலும் சிவப்பே தெரியவில்லையா என்று டெக்னீஷியன் திரும்பவும் எண்ண ஆரம்பிக்கிறார்.