உடைந்தது கார் கண்ணாடி. மாற்றியது வீட்டுப் பூட்டு!

திருட்டு என்றால் வீடு புகுந்து பீரோவை உடைப்பதுதான் நம் மனதில் வரும். நிறுத்தி வைத்த காரின் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு போவது இப்போது அதே அளவுக்குப் பயப்பட வேண்டிய விஷயம். ஏனென்றால் நம் கைப்பைக்குள் பணம் மட்டுமா இருக்கிறது? வீட்டுச் சாவி, விலாசம் எழுதிய ஆதார் அட்டை, ஏ.டி.எம். கார்டு, செல்போன் என்று மொத்தக் குடும்பமும் அல்லவா அதில் இருக்கிறது! திருட்டு நடந்த பிறகு எதை முதலில் செய்வது என்று தெரிந்திருந்தால் பாதி நஷ்டத்தைத் தடுத்துவிடலாம். எங்களுக்கு நடந்ததைச் சொன்னால் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

2025 ஆவணியில் தஞ்சாவூரில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். திருச்சியிலிருந்து காரில் போயிருந்தோம். மண்டபத்துக்கு வெளியே சாலையோரம் வரிசையாக நின்ற கார்களோடு எங்கள் காரும் நின்றது. கதவெல்லாம் பூட்டியிருந்தது. என் கைப்பை சீட்டுக்கு அடியில், வெளியே தெரியாதபடி இருந்தது. தாலி கட்டி முடிந்து, மொய்க் கவர் எடுக்கப் போன என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். பின்பக்கக் கண்ணாடி கற்கண்டு மாதிரி நொறுங்கிக் கிடக்கிறது, பையைக் காணோம்.

எனக்கு முதலில் பணம் ஞாபகம் வரவில்லை. வீட்டில் தனியாக இருக்கும் எழுபத்தெட்டு வயது மாமியார்தான் கண்முன் வந்தார். மூட்டு வலி என்று அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. திருடன் கையில் எங்கள் வீட்டுச் சாவி. கூடவே விலாசம். நாங்களோ 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம்! உடனே எதிர் வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். "நீ பதறாதே, நான் பையனைக் கூட்டிக்கிட்டு இப்பவே போறேன். நீங்க வர்ற வரைக்கும் அங்கேதான் இருப்பேன்" என்றார். ஐந்து நிமிஷத்தில் அத்தையே பேசினார். "உள்தாழ்ப்பா போட்டாச்சும்மா. நீ போய் ஆகவேண்டியதைப் பாரு." அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அதற்குள் சுற்றி ஒரு கூட்டம். "பையை ஏன் கார்ல விட்டே?" என்று ஒருவர். "பொம்பளைங்களுக்கு எப்பவும் அஜாக்கிரதைதான்" என்று இன்னொருவர். பெரியப்பா முறை உள்ள ஒருவர், "கல்யாண வீட்டுல போலீஸ் வந்தா நல்லாவா இருக்கும்? போனது போகட்டும் விடும்மா" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் நான், "பெரியப்பா, பூட்டின காரை உடைச்சவன்தானே வெட்கப்படணும்? நான் எதுக்கு ஒளியணும்?" என்று கேட்டேன். பிறகு ஒருவரும் பேசவில்லை. தம்பியும் என் வீட்டுக்காரரும் என்னோடு கிளம்பினார்கள்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே என் வீட்டுக்காரர் போனிலிருந்து வங்கிக்குப் பேசி கார்டை முடக்கினோம். அதற்குள் இரண்டு தடவை அந்தக் கார்டில் பொருள் வாங்கியிருந்தார்கள். ஒன்று 4,200 ரூபாய், இன்னொன்று 3,800. பின் நம்பர் தெரியாமல் எப்படி என்று நீங்கள் கேட்கலாம். கார்டின் மேல் அலை அலையாக நாலு கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் மிஷினில் காட்டினாலே போதும், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது. 2021 ஜனவரியில் இந்த அளவை 2,000-லிருந்து உயர்த்தினார்கள். வேண்டாம் என்றால் வங்கியின் ஆப்பிலேயே இந்த வசதியை நிறுத்தி வைக்கலாம், அளவையும் குறைக்கலாம். நான் இப்போது நிறுத்தி வைத்திருக்கிறேன்.

வங்கியில் சொன்னதும் அவர்கள் தரும் புகார் எண்ணையும், மணியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதிப்படி, நாம் தகவல் சொன்ன பிறகு நடக்கும் நஷ்டம் நம் தலையில் விழாது. அதனால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். போலீஸ் புகார் நகலோடு எழுத்து மூலம் கேட்டதில் எங்கள் 8,000 ரூபாயும் கணக்குக்குத் திரும்பியது.

அடுத்தது செல்போன். முதலில் சிம் கம்பெனிக்குச் சொல்லி நம்பரை நிறுத்தி, அதே நம்பரில் புது சிம் வாங்க வேண்டும். பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் புகார் நகலோடு பதிவு செய்தால் அந்தப் போனையே முடக்கிவிடுவார்கள். வேறு சிம் போட்டாலும் அது வேலை செய்யாது. 2023 மே மாதத்திலிருந்து இந்த வசதி நாடு முழுக்க இருக்கிறது. இதற்குப் போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் வேண்டும். போன் வாங்கிய பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போட்டவர்கள் இன்றைக்கே ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்திப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். போன் போன பிறகு அதில் அழுத்திப் பார்க்க முடியாதல்லவா?

இனி போலீஸ் புகார். "போன பொருள் திரும்பவா போகுது?" என்றுதான் பலர் ஸ்டேஷன் பக்கமே போவதில்லை. பொருள் திரும்புகிறதோ இல்லையோ, அந்தக் காகிதம் இல்லாமல் வங்கி, இன்சூரன்ஸ், செல்போன் என்று ஒரு இடத்திலும் வேலை நகராது. முதலில் சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருவார்கள். அது புகாரைப் பெற்றதற்கான அத்தாட்சி மட்டும்தான். எஃப்.ஐ.ஆர். வேறு. அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டப்படி, சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். இணையம் வழியாகக் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டேஷனில் பதிவு செய்ய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்.

இன்னொரு விஷயம் மிக முக்கியம். அந்தப் புதிய சட்டத்தில், திருட்டுப் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகையில் அது சேர்ந்துவிடுகிறது. ஆகவே, "கொஞ்சம் பணம், ஒரு பை" என்று மொட்டையாக எழுதிவிடாதீர்கள். போன் என்ன மாடல், எப்போது வாங்கியது, பை, பர்ஸ், கண்ணாடி, கையிருப்புப் பணம் என்று ஒவ்வொன்றையும் நியாயமான விலையோடு வரிசையாக எழுதுங்கள். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். சாவியையும் விட்டுவிடாதீர்கள்.

ஸ்டேஷன் என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். சாட்சி விசாரணைக்கு என்று பெண்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, இருக்கும் இடத்துக்கு வந்துதான் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தைரியமாக இருங்கள்.

அன்று சாயந்திரம் தம்பிக்கு ஒரு யோசனை. "திருடனுக்குப் பணமும் போனும் போதும்க்கா. பையைத் தூக்கிக்கிட்டு ரொம்ப தூரம் போகமாட்டான்" என்று சொல்லி, மண்டபத்தைச் சுற்றி இருந்த சந்து, சாக்கடையோரம் எல்லாம் தேடினான். இரண்டு தெரு தள்ளிக் கருவேலம் புதரில் கிடந்தது என் பை! பர்ஸும் போனும் போயிருந்தன. அத்தையின் இ.சி.ஜி. ஃபைல், ஆதார், சாவிக்கொத்து எல்லாம் அப்படியே இருந்தன. கை வைக்காமல் போலீசுக்குச் சொன்னோம், அவர்கள் வந்து எடுத்தார்கள். வழக்குச் சொத்து என்பதால் கோர்ட்டில் மனு போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட பொருட்களை ஸ்டேஷனில் மாதக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது, 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2002-லேயே சொல்லியிருக்கிறது. எங்களுக்கு மூன்று வாரத்தில் ஃபைல் கைக்கு வந்தது. அத்தை அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்று வருஷத்து வைத்தியமும் அதில்தானே இருக்கிறது!

"அதான் சாவி கிடைச்சிருச்சே, புதுப் பூட்டு எதுக்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு சாவிக்கு நகல் எடுக்கப் பத்து நிமிஷம் போதாதா? அது யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? பூட்டுக்காரரை வரவழைத்து அன்று இரவே வாசல் கதவுப் பூட்டை மாற்றினோம். அதன் பிறகுதான் எதிர் வீட்டு அக்கா தன் வீட்டுக்குப் போனார்.

ஆதார் போய்விட்டால் பயப்பட வேண்டாம். நம்பர் அதேதான், இணையத்தில் இலவசமாக நகல் எடுக்கலாம். கைரேகையை யாரும் பயன்படுத்தாதபடி பூட்டியும் வைக்கலாம். 1947 என்ற நம்பரில் விவரம் சொல்வார்கள். லைசென்ஸும் ஆர்.சி.யும் போனால், டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் ஆப்பில் இருப்பதைக் காட்டினாலே செல்லும் என்று 2018-லேயே உத்தரவு வந்துவிட்டது. டூப்ளிகேட் வரும் வரைக்கும் வண்டி ஓட்டுவதில் சிரமம் இல்லை.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு கணக்கு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் கண்ணாடிக்குப் பணம் வராது. முழு இன்சூரன்ஸ் இருந்தால் வரும். ஆனால் காருக்குள் வைத்திருந்த சாமான்களுக்கு, தனியாகக் கட்டியிருந்தால் ஒழிய, பணம் கிடையாது. இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. க்ளெய்ம் வாங்காத வருஷங்களுக்காக நம் வண்டிக்கான பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை தள்ளுபடி தருகிறார்கள். ஒரு தடவை க்ளெய்ம் வாங்கினால் அது அடியோடு போய்விடும். எங்களுக்குக் கண்ணாடி மாற்ற 2,400 ரூபாய் ஆனது. எங்கள் பிரீமியத்தில் அந்தப் பகுதி 9,000 ரூபாய். அடுத்த வருஷம் கிடைக்க வேண்டிய தள்ளுபடி 45 சதவீதம், அதாவது 4,050. க்ளெய்ம் போட்டிருந்தால் 2,400-க்கு ஆசைப்பட்டு 4,050-ஐ விட்டிருப்போம்! கைக்காசிலேயே மாற்றிவிட்டோம். நீங்களும் கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உடைந்த காரைச் சுத்தம் செய்யும் முன் நாலா பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். போலீஸ் பார்க்கும் வரை கதவைத் தொடவும் வேண்டாம். பக்கக் கண்ணாடி சின்னச் சின்னக் கட்டியாகத்தான் உதிரும். ஆனாலும் அதன் பொடி சீட்டின் தையல் இடுக்கில் புகுந்துகொள்ளும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு பெரிய துண்டுகளைப் பொறுக்கி, பிறகு வேக்வம் கிளீனர் போட்டு, கடைசியாக ஒரு உருண்டை சப்பாத்தி மாவால் ஒற்றி ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூளும் அதில் ஒட்டிக்கொள்ளும். மாவைக் காக்காய்க்கோ மாட்டுக்கோ போட்டுவிடாமல் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கதவுக்குள் விழுந்த துண்டுகளை மெக்கானிக்தான் எடுக்க வேண்டும், அதுவரை ஜன்னல் பட்டனை அழுத்தாதீர்கள்.

பணம், பொருள் எல்லாம் ஒரு வழிக்கு வந்தாலும் மனசு சீக்கிரம் சரியாகாது. என் பத்து வயது மகள் அந்த ஜன்னலோரம் உட்கார ஒரு மாதம் மறுத்தாள். அத்தை இரவில் மூன்று தடவை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். அவரைக் கேலி செய்யாமல் நானும் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். "ஏன் விட்டே, எப்படி விட்டே?" என்று கேட்கும் வாய்கள், "சாப்பிட்டியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! பறிகொடுத்தவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கத்தை நாமாவது விடுவோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வங்கியின் கார்டு முடக்கும் நம்பர், வீட்டில் எல்லோருடைய போன்களின் ஐ.எம்.இ.ஐ., இன்சூரன்ஸ் பாலிசி நம்பர், அவசரத்துக்கு 112, பண மோசடிக்கு 1930, ஓடி வரக்கூடிய பக்கத்து வீட்டார் நம்பர் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஒரு நகலை வெளியூரில் இருக்கும் அக்கா, தங்கை யாரிடமாவது கொடுத்து வையுங்கள். நடந்துவிட்டால் முதலில் வீட்டில் இருப்பவர்கள், அடுத்து வங்கி, அப்புறம் சிம், உடனே போலீஸ். அழுகையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

- ஒரு வாசகி, திருச்சி.