பாட்டி போட்டோவை மரப்பலகையில் பதிக்கணுமா? ஒரிஜினலைத் தொடாதீங்க... ஜெராக்ஸ் கடைக்குப் போங்க!

பசை தடவு, போட்டோவைக் கவிழ்த்து ஒட்டு, தண்ணீர் தெளித்துத் தேய். பேப்பர் உரிந்து போய், படம் மட்டும் மரத்திலேயே அச்சடித்த மாதிரி நிற்கும். ரீல்ஸில் இந்த வீடியோவைப் பார்த்துட்டு, ‘அட, அம்மா பிறந்தநாளுக்கு இதையே பண்ணிக் கொடுக்கலாமே’ என்று சேவ் பண்ணி வெச்சிருப்பீங்க. நல்ல ஐடியாதான். செலவும் குறைவு. ஆனால், முப்பது செகண்டில் முடிகிற அந்த வீடியோக்களில் பல, முக்கியமான ஒரு கேள்வியைத் தொடுவதே இல்லை. அது எந்த மாதிரி பிரின்ட்?

இது தெரியாமல் இறங்கினால் இழப்பு பெரிது. பல வீடுகளில் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ இருப்பது ஒரே ஒரு ஸ்டுடியோ போட்டோ. நெகட்டிவ் எங்கே போச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஸ்டுடியோ போட்டோவில் படம் இருப்பது ஜெலட்டின் என்கிற மெல்லிய படலத்துக்குள். தண்ணீர் பட்டால் அது ஊறும், தேய்த்தால் கிழியும். அந்தப் போட்டோவை ஃப்ரேமிலிருந்து எடுத்துப் பலகையில் ஒட்டினால், படமும் இறங்காது, போட்டோவும் மிஞ்சாது.

இங்க்கா... டோனரா?

இங்க்ஜெட் பிரின்டர் தெளிப்பது திரவ மை. வீட்டில் பயன்படுத்தும் பல இங்க்ஜெட் மைகள் தண்ணீரில் கரைபவை. ஈரத் துணியால் தேய்த்தால் முகம் மொத்தமும் கலங்கிப் போகும்.

லேசர் பிரின்டரிலும் ஜெராக்ஸ் மெஷினிலும் இருப்பது மையே அல்ல. டோனர் என்கிற உலர்ந்த பொடி. நிறம் சேர்த்த பிளாஸ்டிக் துகள்கள். சூட்டில் உருகி பேப்பரின் மேல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் பேப்பர் ஊறும், டோனர் கரையாது. மொத்த வித்தையும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கு.

இதன் ஆரம்பமே ஒரு ‘டிரான்ஸ்ஃபர்’தான். 1938 அக்டோபர் 22 அன்று, நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் உலகின் முதல் ஜெராக்ஸ் பிரதியை எடுத்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் பொடி தூவி எழுத்தை வரவைத்து, அதை மெழுகுத்தாளில் ஒற்றியெடுத்து, சூடுகாட்டி நிலைக்க வைத்தார். ‘ஜெராக்ஸ்’ என்ற பெயரின் வேர்ச்சொல்லுக்கு கிரேக்க மொழியில் ‘உலர்ந்த’ என்று பொருள்.

கையில் இருக்கும் பிரின்ட் எந்த வகைன்னு சந்தேகமா? ஓரத்தில் ஈர விரலால் தேய்த்துப் பாருங்க. மை இழுபட்டால் இங்க்ஜெட். அதை ஓரமா வெச்சிடுங்க.

முதல் வேலை... நல்ல காப்பி

* ஜன்னல் ஓரம், நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் போட்டோவைச் சமமாக வையுங்க. ஃபிளாஷ் வேண்டாம். மொபைலை நேர் மேலே பிடித்துப் படம் எடுங்க. ஸ்கேனர் கிடைத்தால் இன்னும் நல்லது.

* பழைய போட்டோ கண்ணாடியோடு ஒட்டிப் போயிருக்கா? பிய்க்காதீங்க. ஜெலட்டின் கண்ணாடியோடு போய்விடும். ஒளி பிரதிபலிக்காத இடமாகப் பார்த்து, கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்க.

* 5 x 7 இன்ச் அளவுக்கு 300 டிபிஐ தரம் வேண்டும் என்றால், 1,500 x 2,100 பிக்ஸல் தேவை. இன்றைய மொபைல் கேமராக்களுக்கு இது சாதாரணம். ஆனால், கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்க.

* படத்தை மிரர் இமேஜாகத் திருப்புங்க. பிரின்ட்டைக் கவிழ்த்து ஒட்டுவதால் பலகையில் இடம் வலமாகிவிடும். மறந்தால், எழுத்துகள் தலைகீழாகும் என்பது மட்டுமல்ல, பாட்டியின் முந்தானை வலது தோளுக்கு மாறியிருக்கும். வீட்டில் யாராவது ஒருத்தர் அதை நிச்சயம் கண்டுபிடிச்சிடுவாங்க!

* ‘லேசர் பிரின்ட், சாதா பேப்பர்’ என்று கேட்டு வாங்குங்க. கடைகளில் வழக்கமாக இருக்கும் 75 ஜிஎஸ்எம் தாள் போதும். பளபளப்பான போட்டோ பேப்பர் வேண்டாம், அதன் பூச்சு உரியாது. கறுப்பு டோனரின் நிறம் பெரும்பாலும் கார்பன் என்பதால், வெளிச்சத்தில் லேசில் மங்காது. கலருக்கு அந்த அளவு உத்தரவாதம் இல்லை.

எந்த மரம்?

சாதாரண பிரின்டரில் வெள்ளை நிறம் கிடையாது. நாம் வெள்ளை என்று பார்ப்பது பேப்பரின் நிறம். பேப்பர் போனதும், அந்த இடங்களில் மரம்தான் தெரியும். கறுத்த தேக்கில் பதித்தால், தாத்தாவின் வேட்டியும் நெற்றி விபூதியும் பழுப்பாகிவிடும். பைன், ரப்பர் மரம், வெளிர் நிற பிளைவுட் எல்லாம் நல்ல தேர்வு. பேக்கிங் பெட்டிப் பலகை பெரும்பாலும் பைன்தான். கறுத்த பலகைதான் கையில் இருக்குன்னா, முதலில் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் ஒரு கோட் அடித்துக் காயவையுங்க.

ஸ்டெப் பை ஸ்டெப்

1. பலகையை 120 நம்பர் உப்புத்தாளாலும், பிறகு 220 நம்பராலும் மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்க. தூசியைச் சுத்தமாகத் துடைச்சிடுங்க.

2. அக்ரிலிக் ஜெல் மீடியம் வாங்கிக்கோங்க. ஓவியப் பொருள்கள் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். மர வேலைக்கான வெள்ளைப் பசையிலும் சிலர் செய்கிறார்கள். ஆனால், அது தண்ணீர் பட்டால் மறுபடி இளகும். தேய்க்கும்போது படமும் சேர்ந்து வரும் ஆபத்து உண்டு.

3. பிரின்ட்டின் படம் உள்ள பக்கத்தில் மீடியத்தைச் சீராகத் தடவுங்க. ரொம்ப மெல்லிசா இருந்தா சில இடங்களில் ஒட்டாது. ரொம்பத் தடிமனா இருந்தா சுருக்கம் விழும்.

4. கவிழ்த்து ஒட்டி, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவுங்க. காற்றுக்குமிழ் எங்கே நிற்கிறதோ அங்கே படத்தில் ஓட்டை விழும். பிதுங்கி வரும் மீடியத்தை உடனே துடைச்சிடுங்க.

5. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மழைக்காலம் என்றால் இன்னும் அரை நாள் சேர்த்துக்கோங்க. அவசரத்தில் சொதப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

6. ஈரத் துணியைப் பேப்பர்மேல் சில நிமிடங்கள் போட்டு வையுங்க. ஊறியதும் விரல் நுனியால் வட்டமாகத் தேயுங்க. நகம் படக் கூடாது. பேப்பர் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு வரும்.

7. காய்ந்ததும் படம் வெள்ளை பூத்த மாதிரி தெரிந்தால் பயப்படாதீங்க. மிச்சமிருக்கும் பேப்பர் நார்தான் அது. மறுபடி நனைத்து, மென்மையாகத் தேயுங்க. இரண்டு மூன்று முறை ஆகலாம். கடைசியில் தங்கும் மெல்லிய வெண்மை வார்னிஷ் பட்டதும் மறைந்துவிடும். அதற்காகத் தேய்த்துக்கொண்டே இருந்தால் மூக்கு, கண் எல்லாம் போயிடும்.

8. நன்றாகக் காய்ந்த பிறகு கிளியர் வார்னிஷ் இரண்டு மெல்லிய கோட். சுவரில் மாட்ட ரெடி. சாப்பாடு பரிமாறும் பலகைக்கு மட்டும் இந்த முறை வேண்டாம்.

நெயில் பாலிஷ் ரிமூவர், அயர்ன் பாக்ஸ் வேலை செய்யுமா?

செய்யும், லேசர் பிரின்ட் என்றால் மட்டும். அசிட்டோன் டோனரை இளக்கும், அயர்ன் பாக்ஸ் சூடு அதை மறுபடி உருக்கும். இரண்டிலும் உடனே ரிசல்ட் தெரியும், ஆனால் படம் திட்டுத்திட்டாக விழும். சின்ன லோகோ, எழுத்து, கோலம் போன்ற டிசைன்களுக்கு ஓகே. முகத்துக்கு ஜெல் முறைதான் பாதுகாப்பு.

அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும். விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு இருக்கும் அறையில் பாட்டிலைத் திறக்கவே கூடாது. ஜன்னலைத் திறந்துவெச்சு, குழந்தைகளைத் தள்ளியிருக்கச் சொல்லுங்க. அயர்ன் பாக்ஸில் ஸ்டீம் வேண்டாம். இழுத்துத் தேய்க்காமல், அழுத்தி அழுத்தி எடுங்க.

மறக்காதீங்க

பிரின்ட் எடுக்கும்போதே மூன்று காப்பியாக எடுத்துக்கோங்க. ஒன்றை, துண்டுப் பலகையில் ஒத்திகை பாருங்க. எவ்வளவு அழுத்தித் தேய்க்கலாம் என்பது சொல்லித் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஓரத்தில் ஒரு பொட்டு உதிரும், ஒரு மர ரேகை கன்னத்தின் குறுக்கே ஓடும். பார்க்க அழகுதான். ஆனால், பழைய போட்டோவில் இருக்கும் நுணுக்கம் பலகையில் முழுசா வராது. அதனால், ஒரிஜினலை ஈரம் படாத இடத்தில் பத்திரமா வையுங்க. நீங்க எடுத்த அந்த டிஜிட்டல் காப்பியை ஃபேமிலி குரூப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பிடுங்க. நாளைக்குப் பலகை உடைந்தாலும் உங்க போன் தொலைந்தாலும், சித்தப்பா போனிலோ அத்தை போனிலோ பாட்டி முகம் பத்திரமா இருக்கும்.