உங்களுக்குத் தெரியுமா? – மூங்கில் கழியும் 15 கிலோ வெடியும்

1945-இல் அமெரிக்கப் படை எப்படியும் கரையிறங்கும் என்று எதிர்பார்த்த ஜப்பானியக் கடற்படை, ‘ஃபுகுரியூ’ என்ற தற்கொலை முக்குளிப்புப் படையை உருவாக்கியது. தலைக்கவசமும் ஈயக் கட்டிகளும் அணிந்த வீரர் கடலடியில் காத்திருப்பார். தலைக்கு மேலே படகு வந்ததும், மூங்கில் கழியின் நுனியில் பொருத்திய 15 கிலோ வெடியால் அதன் அடிப்பாகத்தை இடிப்பார். படகோடு அவரும் போவார்.

ஆனால் எதிரிக்கு முன்பே ஆளைக் கொன்றது சுவாசக் கருவிதான். மூக்கால் இழுத்து வாயால் விட வேண்டும். விட்ட காற்றை காஸ்டிக் சோடா நிரப்பிய பெட்டி சுத்திகரிக்கும். முறை தப்பினால் கரியமில வாயு மயக்கம். பெட்டிக்குள் கடல்நீர் புகுந்தாலோ, சுட்டெரிக்கும் காரம் தொண்டைக்குள் பாயும். யோகோசுகாவின் குரிஹாமாவில் நடந்த பயிற்சியிலேயே பல இளைஞர்கள் இறந்தார்கள். ஆகஸ்டில் ஜப்பான் பணிந்ததால், அந்நாட்டுக் கரையில் இந்தப் படைக்கு வேலையே வரவில்லை.