கடலும் காற்றும் ஒரே பாடம்

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வீடுகளுக்கும் பெற்றோர் வருவதுண்டு. எந்தப் படிப்பில் சேர்க்கலாம், எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்பார்கள். மருத்துவமா, கணினியா என்பதற்கு அப்பால் பேச்சு பெரும்பாலும் நகர்வதில்லை. வளிமண்டல இயற்பியலை நெடுங்காலம் கற்பித்தவன் நான். என் பாடத்தைப் பற்றி என்னிடமே கேட்டவர்கள் மிகச் சிலர்.

அந்தச் சிலருள் ஒருவர், குமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து தம் மகளுடன் வந்தவர். மகள் கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். கடலைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது அவளது விருப்பம். தந்தையோ ஆழ்கடல் மீன்பிடித் தொழிலில் தலை நரைத்தவர். "சார், முப்பது வருஷமா நான் கடல்லதான் கெடக்கேன். இவ காலேஜுக்குப் போயி கடலப் பத்தி என்ன படிக்கப் போறா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கேலி இல்லை. உண்மையிலேயே அறிந்துகொள்ள விரும்பினார்.

அது நியாயமான கேள்வி. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்து, அதன் குணத்தையும் அறிந்தவர்கள் நம் மீனவர்கள். நீரோட்டத்தை அவர்கள் நீவாடு என்பார்கள். வாநீவாடு, சோநீவாடு என்று அதன் திசைக்கேற்பப் பெயர் மாறும். தமிழகத்தின் கிழக்குக் கரையோரம் ஓடும் நீரோட்டம், பருவக் காற்றை ஒட்டி ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது என்று நாங்கள் வகுப்பில் வரைபடம் வைத்து விளக்குவோம். வலை வீசுபவருக்கு அது அன்றாடச் செய்தி.

அப்படியானால், பல்கலைக்கழகம் கூடுதலாக என்ன கற்பிக்கிறது? கண்ணுக்கு எட்டாத ஆழத்தையும், காலுக்கு எட்டாத தொலைவையும் கணக்கில் கொண்டுவரக் கற்பிக்கிறது. அதற்கான முதல் பாடம், கடலும் காற்றும் இரண்டல்ல என்பதே.

பூமியின் பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காடு கடல். நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்துக்கு விரிந்திருக்கும் வளிமண்டலம் முழுவதும் தாங்கக்கூடிய வெப்பத்தை, கடலின் மேற்பரப்பில் உள்ள ஏறக்குறைய மூன்று மீட்டர் நீரே தாங்கிவிடும். பசுங்குடில் வாயுக்களால் பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. காற்று கடலைத் தள்ளுகிறது. கடல் காற்றைச் சூடாக்குகிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் படிப்பது, வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கைப் போன்றது.

இந்த உறவு எவ்வளவு தொலைவுக்கு நீளும் என்பதற்குத் தமிழகமே ஒரு துயரச் சான்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை நம் முன்னோர் நெடுங்காலம் மறக்கவில்லை. பஞ்சம் அவ்வளவு உயிர்களைக் குடித்ததற்கு அன்றைய ஆட்சியின் போக்கு முதன்மைக் காரணம். ஆனால், 1877-இல் பருவமழை பொய்த்ததற்குப் பின்னால், பல ஆயிரம் கிலோமீட்டர் அப்பால் பசிபிக் பெருங்கடல் வழக்கத்துக்கு மாறாக வெப்பமடைந்தது இருந்தது. இன்று அதை எல் நினோ என்கிறோம். அன்று அதை அறிந்தவர் எவருமில்லை.

அறிவதற்கான முயற்சி இந்தியாவிலிருந்தே தொடங்கியது. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜில் பயின்ற கணித அறிஞர். வானிலையியலில் அவருக்கு முன்பயிற்சி இல்லை. பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடிய அவர், உலகின் பல இடங்களில் பதிவான காற்றழுத்தம், மழை, வெப்பநிலை ஆகியவற்றின் புள்ளிவிவரங்களைத் திரட்டி ஒப்பிட்டார். பசிபிக் பகுதியில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் தாழ்வதையும், அங்கே தாழும்போது இங்கே உயர்வதையும் கண்டார். அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். ஏன் அப்படி நிகழ்கிறது என்பதை அவரால் விளக்க இயலவில்லை.

அவருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின், 1969-இல், யாக்கோப் பியர்க்னஸ் அந்த முடிச்சை அவிழ்த்தார். காற்றழுத்தத்தின் இந்த ஊசலாட்டமும், பசிபிக் கடல்நீரின் வெப்ப மாற்றமும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்று அவர் காட்டினார். காற்றை மட்டும் பார்த்தவருக்குப் புதிராக இருந்தது, கடலையும் சேர்த்துப் பார்த்தபோது விளங்கிற்று. இந்தப் படிப்பு ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான்.

அந்தத் தந்தையிடம் நான் பேசியது நமக்கு நெருங்கிய வங்கக் கடலைப் பற்றி. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி போன்ற பேராறுகள் கொண்டுவரும் நன்னீர், வங்கக் கடலின் உப்புநீர்மேல் ஒரு மெல்லிய மூடிபோலப் பரவுகிறது. உப்பு குறைந்த நீர் எடை குறைந்தது. எனவே, அது கீழே உள்ள நீரோடு எளிதில் கலப்பதில்லை. மேலே விழும் வெயிலின் வெப்பம் மேலேயே தங்கிவிடுகிறது.

புயல் உருவாகக் கடலின் மேற்பரப்பு பொதுவாக 26.5 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். அந்த வெப்பம்தான் நீரை ஆவியாக்கிப் புயலுக்கு உணவூட்டுகிறது. ஆனால், புயலுக்குள்ளேயே அதற்கான கடிவாளமும் உண்டு. சுழன்றடிக்கும் காற்று கடலைக் கலக்கி, ஆழத்துக் குளிர்நீரை மேலே கொண்டுவருகிறது. மேற்பரப்பு குளிர்ந்தால் புயலின் உணவு குறைகிறது. வங்கக் கடலில் மழைக்காலத்தை அடுத்து நன்னீர் மூடி தடித்திருக்கும் நாள்களில் இந்தக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகைப் புயல்களை நாம் அஞ்ச வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டார். "ஆமா சார், பொயலு போன பொறவு தண்ணி சில்லுன்னு இருக்கும். அடியில கெடக்குற தண்ணி மேல வந்துரும்" என்றார். பாடநூலில் ஒரு பக்கத்துக்கு விரியும் செய்தியை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். எந்தப் புயலுக்கு எவ்வளவு குளிரும், எத்தனை மீட்டர் ஆழத்திலிருந்து நீர் எழும், அதனால் புயலின் வலிமை எவ்வளவு குறையும் என்பதைப் புயல் வருமுன் கணக்கிட்டுச் சொல்வதே உங்கள் மகள் படிக்கப்போகும் படிப்பு என்றேன்.

அந்தக் கணக்கு எளிதன்று. புயல் போகும் பாதையைச் சொல்வதில் அறிவியல் பெரிதும் முன்னேறியிருக்கிறது. அது எவ்வளவு விரைவாக வலுப்பெறும் என்று சொல்வதே இன்னும் கடினமாக இருக்கிறது. பாதையைப் பெரும்பாலும் சுற்றியுள்ள பெருங்காற்றுகள் தீர்மானிக்கின்றன. வலிமையைத் தீர்மானிப்பதில் புயலின் உட்பகுதிக்கும், அதன் அடியில் உள்ள கடலின் வெப்பத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

எனவே, இத்துறைக்கு வருபவர்கள் கணிதத்தைக் கண்டு அஞ்சக் கூடாது. சுழலும் பூமியின்மேல் காற்றும் நீரும் எவ்வாறு நகரும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றைக் கணினியால் தீர்ப்பதே இப்படிப்பின் அடித்தளம். முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிய லூயிஸ் ரிச்சர்ட்சன், அந்தச் சமன்பாடுகளைக் கையாலேயே தீர்த்து ஆறு மணி நேர வானிலையைக் கணிக்க முயன்றார். விடை முற்றிலும் தவறாக வந்தது. ஆயினும், 1922-இல் அவர் அதை மறைக்காமல் நூலாக வெளியிட்டார். வழிமுறை சரியானது என்பதை 1950-இல் கணினி மெய்ப்பித்தது. இன்றைய வானிலைக் கணிப்புகள் எல்லாம் அந்தப் பாதையில் வந்தவையே.

அளவீடுகளுக்கும் இன்று பஞ்சமில்லை. ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் உலகக் கடல்களில் உலவுகின்றன. பத்து நாள்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறி, நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோள் வழியாக அனுப்புகின்றன. அந்தத் தரவுகளை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். நாட்டுப்புறக் கல்லூரி மாணவர் ஒருவர், ஒரு சாதாரணக் கணினியைக் கொண்டே வங்கக் கடலின் ஆழத்தை ஆராய முடியும்.

நம் தலைவர்களும் கல்வியாளர்களும் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கும் நீண்ட கடற்கரை நமக்கு இருக்கிறது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு பெயர்பெற்றது. ஆயினும், நம் மாநிலத்தில் கடல் பெரிதும் உயிரியலாகவும், மீன்வளமாகவும், பொறியியலாகவுமே கற்பிக்கப்படுகிறது. கடலையும் வளிமண்டலத்தையும் ஒருசேர இயற்பியலாகப் படிக்க விரும்புவோர் விசாகப்பட்டினம், கொச்சி, பெங்களூரு, தில்லி, புவனேசுவரம் என்று வழி கேட்க வேண்டியிருக்கிறது.

இதில் மாநிலப் பெருமையைவிடப் பெரிய செய்தி அடங்கியிருக்கிறது. இந்தியாவின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையே மழை. ஆதலால், ஆய்வுகளும் அதையே பெரிதும் சுற்றிவருகின்றன. தமிழகத்துக்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறையவும், வடகிழக்குப் பருவமழை மிகவும் வாய்ப்புண்டு. வலுவான எல் நினோ நிலவிய 2015-இல், டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியதைச் சென்னை மறந்திருக்காது. நமக்கே உரிய மழையை நம் மாணவர்கள் ஆராயாவிடில், வேறு எவர் அதை முதன்மையாகக் கொள்வார்?

பெண்ணுக்கு இத்துறை ஒத்துவருமா என்றும் அந்தத் தந்தை தயங்கினார். அன்னா மணியைப் பற்றிச் சொன்னேன். 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, சி.வி. இராமனிடம் ஆய்வு செய்தவர். முதுநிலைப் பட்டம் இல்லை என்பதால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்த வானிலைக் கருவிகளை இங்கேயே செய்ய வழிவகுத்தார். நாடெங்கும் காற்றின் வேகத்தையும் வெயிலின் அளவையும் முறையாகப் பதிவு செய்தார். இந்தியாவில் காற்றாலைகளும் சூரிய மின்சாரமும் வளர அந்தப் பதிவுகள் அடித்தளமாயின.

வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. கேட்பதில் தவறும் இல்லை. இயற்பியலிலோ கணிதத்திலோ இளநிலைப் பட்டம் பெற்று, நுழைவுத் தேர்வு எழுதி, முதுநிலையில் இத்துறைக்கு வரலாம். பேராசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வில் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியலுக்குத் தனிப் பாடமே உண்டு. வானிலைத் துறை, கடல்சார் ஆய்வு நிறுவனங்கள், விண்வெளித் துறை, காற்றாலை நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் எனப் பல இடங்களில் இப்படிப்புக்குத் தேவை இருக்கிறது. மென்பொருள் துறை அளவுக்கு இடங்கள் இல்லை என்பதும் உண்மை. ஆர்வமில்லாதவர்களை இதில் தள்ள வேண்டியதில்லை.

விடைபெறும்போது அவர் ஒக்கி புயலைப் பற்றிப் பேசினார். 2017 நவம்பர் 29 காலையில் இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கப் போயிருந்தவர்களிடம் எச்சரிக்கை சென்று சேர வழி இருக்கவில்லை. குமரியிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கள் ஆண்மக்களை இழந்தன. "எங்க ஊர்லயும் போனாங்க சார்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

ஒருநாள் முன்னதாகக் கணித்தல் ஒரு பணி. கணித்ததை மீனவருக்கு விளங்கும் சொல்லில், அவர் இருக்கும் இடத்தில் கொண்டு சேர்த்தல் மற்றொரு பணி. முதலாவதற்குச் சமன்பாடு தெரிய வேண்டும். இரண்டாவதற்கு நீவாடு என்ற சொல் தெரிய வேண்டும். இரண்டும் அறிந்தவர்கள் கடற்கரை ஊர்களிலிருந்துதான் வர முடியும்.

அந்த மாணவி இயற்பியல் இளநிலை முடித்து, இப்போது வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கடலியல் முதுநிலை படிக்கிறாள். விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் மிதவைகளின் தரவை மடிக்கணினியில் தந்தைக்குக் காட்டுகிறாளாம். அவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது சரி; இந்த எடத்துல மட்டும் நீவாடு இப்படிப் போகாது" என்று திருத்துகிறாராம். யார் சொன்னது சரி என்று பார்க்க, அந்த இடத்தின் தரவை அவள் மீண்டும் எடுத்து ஆராய்ந்துகொண்டிருக்கிறாள்.