திருத்தணி வெயிலில் ஒரு வெப்பக் கூடு

துளையிட்ட அட்டைப் பெட்டி ஒன்று. உள்ளே நான்கு அறைகள். அறைக்கு 25 ஆக 100 குஞ்சுகள். கொங்கு நாட்டிலிருந்தோ ஐதராபாத்திலிருந்தோ முதல் நாள் மாலை ஏற்றப்பட்ட பெட்டி, விடியற்காலையில் திருத்தணியில் இறங்குகிறது. கீச்சொலி கேட்டுத் திரும்புவோரில் ஒருவர் கோழி என்பார், மற்றவர் தெலுங்கில் கோடி என்பார். எல்லை ஊருக்கு இரண்டுமே வீட்டுச் சொற்கள். புறப்பட்டது முதல் இக்குஞ்சுகள் ஒரு துளி நீரோ ஒரு மணித் தீனியோ கொள்ளவில்லை. ஆயினும் துடிப்போடு இருக்கின்றன.

காரணம் வயிற்றில் இருக்கிறது. அடைகாத்தலின் 21 நாள் முடியும் தறுவாயில், எஞ்சிய மஞ்சட்கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இக்கட்டுச்சோறு ஏறக்குறைய மூன்று நாள் தாங்கும். முட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பொரிவதில்லை. பின்தங்கியவை வெளிவரும்வரை தாய் எழாது, முந்தியவை பசியோடு காத்திருக்க வேண்டும். அதற்கென இயற்கை செய்த ஏற்பாடு இது. இதை நம்பித்தான் 1918-இல் அமெரிக்க அஞ்சல் துறை ஒரு நாள் குஞ்சுகளைக் கடிதங்களோடு கொண்டு செல்ல இசைந்தது.

உணவைக் கட்டிக்கொடுத்த இயற்கை வெப்பத்தைக் கட்டிக்கொடுக்கவில்லை. ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழியையும் 30 கிராம் குஞ்சையும் ஒப்பிடுவோம். எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் ஒவ்வொரு கிராம் உடலுக்கும் வெப்பத்தை இழக்கும் பரப்பு, கோழிக்கு உள்ளதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். மேலே இறகு இல்லை, தூவிதான். அது உலர்ந்திருக்கும்வரை காற்றைச் சிறைப்பிடித்துப் போர்வையாகும். நனைந்தால் உடலோடு ஒட்டி, வெப்பத்தை வெளியேற்றும் வழியாகிவிடும். தன் உடல் வெப்பத்தைத் தானே காக்கும் ஆற்றல் முதிர இரண்டு வாரமேனும் ஆகும். அதுவரை தாயின் அடிவயிறு வேண்டும். அல்லது புரூடர் என்று பண்ணைக்காரர் சொல்லும் வெப்பக் கூடு வேண்டும்.

அக்கூட்டைப் பெட்டி வரும் முன்னாளே மூட்டிவிட வேண்டும். காற்றைச் சூடாக்க ஒரு மணி நேரம் போதும். தரையும் அதன்மேல் இரண்டு அங்குலம் பரப்பிய நெல் உமியும் சூடேற அது போதாது. குளிர்ந்த தரை, குஞ்சின் கால் வழியே வெப்பத்தை உறிஞ்சும். தேர்ந்த பண்ணையாளர் வெப்பமானியைப் பார்க்குமுன் குஞ்சின் பாதத்தைத் தம் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். பாதம் சில்லென்றிருந்தால் கூடு இன்னும் ஆயத்தமாகவில்லை. உமியின்மேல் செய்தித்தாள், சுற்றிலும் ஒன்றரை அடி உயரத் தகடு. தகட்டை வட்டமாகவே வளைக்க வேண்டும். மூலை இருந்தால் குளிரிலோ அச்சத்திலோ எல்லாம் அங்கே குவியும். அடியில் சிக்கியவை மூச்சுத் திணறி மாளும்.

வெப்பத்துக்குக் குண்டு பல்பு. குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது கணக்கு. ஒளிக்கு வீணானது என்று நாம் ஒதுக்கிய விளக்கு இது: உண்ட மின்னாற்றலில் பெரும்பகுதியை வெப்பமாகவே சிந்தும். அந்தக் குற்றமே இங்கே குணம். சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற எல்.இ.டி. விளக்கைத் தொங்கவிட்டால் கூடு பளிச்சென்றிருக்கும், குஞ்சு குளிரில் நடுங்கும்.

முதல் வாரம் 35 பாகை செல்சியசு, பின் வாரந்தோறும் மூன்று பாகை குறைவு என்று கையேடுகள் அட்டவணை தருகின்றன. மார்கழிப் பனியில் அது நல்ல வழிகாட்டி. சித்திரையில்? அக்கினி நட்சத்திர நாள்களில் திருத்தணியின் வெயில் 40 பாகையைத் தாண்டுவது வானிலைச் செய்தி கேட்போர்க்குப் புதிதன்று. நான்காம் வாரத்துக்கு அட்டவணை கேட்கும் 26 பாகை நள்ளிரவிலும் அரிது. குளிர்நாட்டு அட்டவணையை இம்மலையடிவாரத்தில் எழுத்துப் பிசகாமல் பின்பற்றுவது அறிவியல் ஆகாது. பகலில் விளக்கை அணைத்து, கூரைமேல் நீர் தெளித்து, பக்கங்களில் ஈரச் சாக்கைத் தொங்கவிட வேண்டும். பின்னிரவில் மீண்டும் விளக்கேற்ற நேரலாம்.

எப்போது, எவ்வளவு என்பதைக் குஞ்சுகளே சொல்லும். விளக்கடியில் நெருக்கி ஓயாது கீச்சிட்டால் குளிர். தகட்டோரம் ஒதுங்கிச் சிறகு விரித்து வாய் திறந்து இரைத்தால் வெப்பம் மிகுதி. வியர்வைச் சுரப்பி இல்லாத உயிர், மூச்சின் ஈரத்தால்தான் தன்னைக் குளிர்விக்க முடியும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் மெல்லக் கொஞ்சிக்கொண்டும் இருந்தால், நாமும் போய் உறங்கலாம். பஞ்சாரத்துக்குள் குஞ்சுகளோடு இருக்கும் தாய்க்கோழி இடம் முழுவதையும் சூடாக்குவதில்லை. நடுவே வெம்மை, சுற்றிலும் தண்மை; வேண்டியது வேண்டியபோது உள்ளே நுழையும், போதுமென்றால் வெளியே வரும். கூட்டுக்குள்ளும் அந்த ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் நீர், வெல்லம் கரைத்தது. ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை தோய்த்துவிட்டால் மற்றதைக் குஞ்சே கற்றுக்கொள்ளும். தட்டில் கூழாங்கற்கள் இட்டிருக்க வேண்டும். நீரில் தடுக்கி விழுந்த குஞ்சு மூழ்கித்தான் மாள வேண்டுமென்பதில்லை, நனைந்த தூவியே போதும். பிறகு நாளிதழ்மேல் மக்காச்சோள நொய்.

ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. இராணிக்கெட் நோய் என்பது இதன் மறுபெயர். தென்மேற்கே இருக்கும் இராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருப்பதால் இரண்டையும் முடிச்சுப் போடுவோர் உண்டு. நோய்க்குப் பெயர் தந்த ஊரோ இமயமலைச் சாரலில் உள்ளது. மருந்தில் இருப்பது உயிருள்ள நுண்மம், வெப்பத்தில் கெட்டுவிடும். ஆகவே வெயில் சாய்ந்தபின், மருந்துக் குப்பியைப் பனிக்கட்டியில் புதைத்து வைத்துக்கொண்டு, விளக்கடியிலிருந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். சொட்டு கண்ணில் பரவி மறையும்வரை கை அசையக்கூடாது.