வரி ரசீதில் ஒரு சதவீதப் பாடம்

எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ நடத்தியபோது, வீட்டுச் சொத்து வரி ரசீதைப் பார்த்துத் தொகையை மட்டும் எழுதி வரச் சொன்னேன். பெயரும் கதவு எண்ணும் வேண்டாம் என்றேன். மறுநாள் ஒரு மாணவி கேட்டாள்: “சார், எங்க வீடும் பக்கத்து வீடும் ஒரே அளவுதான். எங்களுக்கு மட்டும் வரி ஏன் அதிகம்?”

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. படித்துவிட்டு வருகிறேன் என்றேன். படித்ததைப் பகிர்கிறேன்.

ஒரு கட்டடத்தின் வரி, அது எந்தத் தெருவில் இருக்கிறது, எத்தனை சதுர அடி, எப்படிக் கட்டப்பட்டது, எதற்குப் பயன்படுகிறது என்பவற்றைப் பொறுத்து அமைகிறது. குடியிருப்பை விட வணிகப் பயன்பாட்டுக்கு வரி கூடுதல். வருமானம் தரும் இடம் கூடுதலாகத் தரட்டும் என்பதே இதன் அடிப்படை. ஒரே வீட்டில் முன் அறை கடையாக இருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் வணிக வரி.

2022இல் தமிழ்நாட்டில் நடந்த சீராய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னையைத் தவிர்த்த மற்ற நகரங்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதமும், 601 முதல் 1200 வரை 50 சதவீதமும், 1201 முதல் 1800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் வரி உயர்த்தப்பட்டது. வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். தொழிற்சாலைகளுக்கும் சுயநிதிப் பள்ளிகளுக்கும் 75 சதவீதம். அரசு அளவை வகுத்தாலும், அதை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றுவது மக்கள் தேர்ந்தெடுத்த மாமன்றமும் நகர்மன்றமும்தான். ஆறாம் வகுப்பில் படித்த உள்ளாட்சிப் பாடம் இங்கே உயிர் பெறுகிறது.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, கற்பனைக் கணக்குகள் கொடுத்தேன். 500 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு வரி 400 ரூபாய் என்றால், உயர்வுக்குப் பின் 500. கடைக்கு 600 ரூபாய் என்றால் 1200. ‘100 சதவீத உயர்வு’ என்றால் அதே தொகை என்று சிலர் எழுதினார்கள். இரு மடங்கு என்று புரிய இந்தக் கணக்கு உதவியது.

அடுத்து மாணவர்களே கேள்வி எழுப்பினார்கள். “600க்கு 25 சதவீதம், 601க்கு 50 சதவீதமா? ஒரு சதுர அடிக்கு இவ்வளவா?” எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு இருபுறமும் ஒருவர் இருப்பார் என்று பேசினோம். இன்னொருவன், “பழைய வரியே ஒருத்தருக்குத் தப்பா இருந்திருந்தா?” என்றான். 400, 800 ஆகிய இரண்டையும் 50 சதவீதம் உயர்த்திப் பார்த்தோம். 600, 1200 வந்தது. விகிதம் மாறவில்லை, வித்தியாசம் 400இலிருந்து 600 ஆனது. அடிப்படை தவறாக இருந்தால் சதவீதம் அதைத் திருத்தாது, பெரிதாக்கும். நான் தயாரித்து வராத பாடம் இது.

வரிப்பணம் எங்கே போகிறது என்றும் பார்த்தோம். தெருவிளக்கு, குப்பை அகற்றுதல், சாலை மட்டுமல்ல. சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரியில்தான் பொது நூலகங்கள் நடக்கின்றன. ஊர் நூலகத்துக்குப் போகும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வகுப்பில் செய்ய விரும்புவோர், முதலில் வகுப்பறையையே அளந்து சதுர அடி கணக்கிடச் சொல்லலாம். பிறகு கற்பனைத் தெரு ஒன்றை வரைந்து வீடு, கடை, பட்டறை என ஒதுக்கி, மாணவர்களே நகர்மன்றமாக அமர்ந்து வரியை முடிவு செய்யட்டும். தெருவுக்குத் தேவையான மொத்தத் தொகையை முதலில் சொல்லிவிடுங்கள். ஒருவருக்குக் குறைத்தால் யாருக்குக் கூடும் என்பது தானே தெரியவரும். வாடகை வீட்டில் இருப்போரும் வீடில்லாதோரும் வகுப்பில் உண்டு. அதனால் சொந்த ரசீதைக் கட்டாயமாக்க வேண்டாம். நான் முதலில் அதை யோசிக்கவில்லை.

கேள்வி கேட்ட மாணவி வீட்டில் விசாரித்து வந்தாள். முன் அறையில் அவள் அம்மா நடத்திய இட்லிக் கடையை மூடி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூடியதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஏட்டில் அது இன்னும் கடைதான். இப்போது அப்பா மனு கொடுத்திருக்கிறார். அறையின் நீள அகலத்தை அளந்து எழுதிக் கொடுத்தது அவள்தான்.