புயலுக்குப்பின் கம்பம் ஏறுகிறவர்கள்
2019 மே 3 அன்று ஒடிசாவின் பூரி அருகே ஃபானி புயல் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் பழுதாயின. இத்தகைய வேளையில் முதலில் துணைமின் நிலையம், பின்பு மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் செல்லும் பாதைகள், அதன்பின்னரே வீடுகள். இவ்வரிசையை வகுப்பவர் பொறியாளர். கம்பம் ஏறுகிறவரோ மின்சாரம் நிறுத்தப்பட்ட கம்பியையும் நம்புவதில்லை. சோதித்து, இருபுறமும் எர்த் கொடுத்த பின்னரே அதைத் தொடுகிறார். ஏனெனில் ஏதோவொரு வீட்டில் தவறாக இணைத்த ஜெனரேட்டர் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால், டிரான்ஸ்பார்மர் அதனை 11,000 வோல்ட் வரை உயர்த்திவிடும். (உங்கள் குடியிருப்பின் ஜெனரேட்டர் இணைப்பையும் விசாரித்துப் பாருங்கள்.)

பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் மகன் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு எலக்ட்ரீஷியன் பயிற்சியை விரும்பினால், தாழ்ந்த படிப்பென்று தடுக்காதிருங்கள். அவன் அவசரக்காரனா என்பதை மட்டும் இப்பொழுதே கவனியுங்கள்.